பெங்களூர் மண்ணும் ஒரு கருவியும்

யஷ்வந்தபுரம் நிலையத்தில் வண்டி மாறாத தமிழன் பெங்களூரில் இருக்க முடியாது. சேலத்துக்குச் செல்பவரும், ஊரிலிருந்து அரிசி மூட்டையுடன் வந்து இறங்குபவரும் ஒரு நாளாவது அந்த நிலையத்தில் பெட்டியின்மேல் அமர்ந்து நேரத்தைக் கழித்திருப்பார்கள். அப்படி அமர்ந்திருந்த இடத்துக்கு அருகில் எங்கோ, 1891-ஆம் ஆண்டில், இருப்புப்பாதை வேலைக்காக மண்ணை வெட்டிய கூலியாட்களின் மண்வெட்டியில் வெள்ளிக் காசுகள் தட்டுப்பட்டன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மொத்தம் 163 காசுகள். அவை மைசூர் மன்னர்களுடையவை அல்ல, விஜயநகரத்தாருடையவையும் அல்ல. அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ் என்னும் ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் தலை பொறித்த தினாரிகள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை!

இருப்புப்பாதை இலாகாவில் எழுத்தராகப் பதினான்கு ஆண்டுகள் கழித்தவன் நான். பத்தாம் வகுப்புடன் படிப்பு நின்று போனது. சரித்திரம் அறிந்தவன் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும் இந்த விவரத்தை அலுவலகத்தில் ஒரு மூத்த கன்னட நண்பர் தேநீர் வேளையில் சொன்ன நாள்முதல், தண்டவாளத்தின் ஓரத்து மண்ணைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் ஒரு விதமாக ஆகிவிடும். என் பாட்டனார் இந்தப் பாதைகளில் காங்மேனாகக் கடப்பாரை பிடித்தவர். அவருடைய கடப்பாரை எதையாவது தொட்டிருக்குமோ என்று நினைப்பேன்.

பிற்பாடு விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. 1965-ஆம் ஆண்டில், பழைய விமான நிலையம் இருந்த எச்.ஏ.எல். பகுதியில் இதே வகையான ரோமக் காசுகள் 256 அகப்பட்டிருக்கின்றன. நகரின் மேற்கே ஒரு புதையல், கிழக்கே ஒரு புதையல். நம் கோயம்புத்தூர், கரூர்ப் பக்கங்களில் இத்தகைய காசுகள் ஏராளமாகக் கிடைத்திருப்பதை அறிந்தவர்கள் இதைக் கேட்டு வியப்படைய மாட்டார்கள். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று பிளினி என்னும் ரோம நாட்டு ஆசிரியர் வருந்தி எழுதியிருக்கிறார். அவர் வருந்திய பணத்தில் ஒரு கைப்பிடி நமது யஷ்வந்தபுரத்தில் தூங்கிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம்.

இந்த நினைப்பிலேயே இருந்த எனக்குச் சென்ற ஆண்டு ஒரு பரிசு வந்தது. துபாயில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய என் மைத்துனன், எல்லோரும் கொண்டுவரும் வாசனைத் தைலத்தையும் போர்வையையும் விட்டுவிட்டு, நீண்ட அட்டைப் பெட்டி ஒன்றை என் முன்னால் வைத்தான். "மாமா, நீங்கள் எப்போதும் காசு, புதையல் என்று பேசுகிறீர்களே, இதை வைத்துக்கொண்டு தேடுங்கள்" என்றான். உள்ளே இருந்தது மெட்டல் டிடெக்டர். என் மனைவி அதைப் பார்த்துவிட்டுத் தம்பியை முறைத்தாள். குக்கர் கேட்டிருந்தாளாம்.

மெட்டல் டிடெக்டர் என்றால் ரயில் நிலையத்தின் வாயிலில் கதவுச் சட்டம்போல் நிற்பதுதான் நம் நினைவுக்கு வரும். நாள்தோறும் சாப்பாட்டுப் பாத்திரத்துடன் அதற்குள் நுழைந்து வருபவன் நான். நாள்தோறும் அது 'கீங்' என்று கத்தும். கையில் ஏந்தும் இந்தக் கருவி அதன் தம்பி. ஒரு நீண்ட கோல். அதன் அடியில் தோசைக்கல் அளவில் ஒரு வட்டு. மேலே எண்களைக் காட்டும் சிறிய பெட்டி. காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன். வட்டுக்குள் கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒரு சுருளில் மாறி மாறி ஓடும் மின்சாரம் கீழே உள்ள மண்ணுக்குள் காந்த அலையை அனுப்புகிறது. அந்த அலை ஓர் உலோகத்தைத் தொட்டால், உலோகத்துக்குள்ளும் சிறு மின்சுழல் பிறந்து, அது தன் பங்குக்கு ஓர் அலையைத் திருப்பி அனுப்புகிறது. அதை மற்றொரு சுருள் கேட்டுக்கொள்கிறது. திரும்பி வரும் அலை எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதைக் கொண்டு, கீழே இருப்பது இரும்பா, அலுமினியமா, வெள்ளியா என்று கருவி ஒருவாறு ஊகித்து எண்ணாகக் காட்டும். ஊகம்தான், சத்தியம் அல்ல.

இந்த வித்தை புதியதல்ல. 1881-ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். உடம்பில் குண்டு எங்கே இருக்கிறது என்று வைத்தியர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்ட கிரஹாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து எடுத்துச் சென்றார். பாவம், நோயாளி படுத்திருந்த கட்டிலின் மெத்தையில் எஃகுக் கம்பிச் சுருள்கள் இருந்தன, கருவி குழம்பிவிட்டது. போதாக்குறைக்கு, தலைமை வைத்தியர் தாம் நினைத்த வலப் பக்கத்தை மட்டுமே தேட அனுமதித்தார். குண்டு அகப்படவில்லை, ஜனாதிபதியும் பிழைக்கவில்லை. பிறகு இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடிகளைத் தேடப் போலந்து நாட்டு அதிகாரியான கொசாட்ஸ்கி ஒரு கருவி அமைத்தார்; 1942-ல் எல் அலமெய்ன் போர்க்களத்தில் அது பயன்பட்டது. இன்று என் கையில் இருப்பது அந்த வழியில் வந்ததே. மெத்தைச் சுருளின் கதையை மட்டும் நேயர்கள் மறக்க வேண்டாம்; பின்னால் எனக்கு அது மிகவும் உதவியது.

புதுக் கருவியை எடுத்துக்கொண்டு முதல்நாளே எங்கும் ஓடக்கூடாது. ஹொசகோட்டைச் சாலையில் என் நண்பர் ஒருவருக்குக் காய்கறித் தோட்டம் இருக்கிறது. அவருடைய அனுமதியுடன் ஒரு பாத்தியில் நானே சில பொருள்களைப் புதைத்துவைத்தேன். இன்றைய ஒரு ரூபாய், என் தாயாரின் அஞ்சறைப் பெட்டியில் கிடந்த பழைய அலுமினியப் பத்துப் பைசா, பித்தளைச் சாவி, இரும்பு ஆணி ஆகியவற்றை இரண்டு, நான்கு, ஆறு அங்குல ஆழங்களில் புதைத்து, இடங்களைக் காகிதத்தில் குறித்துக்கொண்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே கழிந்தன. என் எட்டு வயது மகன் கூடவே வந்தான்.

முதல் பாடம், வட்டைத் தரையோடு ஒட்டினாற்போல், ஓர் அங்குல உயரத்தில், சமமாக வீச வேண்டும் என்பது. கையை வீசும்போது இரு ஓரங்களிலும் வட்டு மேலே எழும்பிவிடுகிறது. அந்த ஓரத்தில் உள்ளதெல்லாம் தப்பிப் போகிறது. கோலம் போடுபவர்கள் கையைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு வீச்சின் பாதி அடுத்த வீச்சின்மேல் படிய வேண்டும். இரண்டாவது பாடத்தைக் கருவியே கற்பித்தது. இன்றைய ஒரு ரூபாய் நாணயம் எஃகினால் ஆனது; காந்தத்தில் ஒட்டும். ஆகவே, ஆணியை ஒதுக்கும்படி கருவியைத் திருப்பிவைத்தால் அது பெரும்பாலும் ரூபாயையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறது! என் மகன் இதைக் கண்டு வெகுநேரம் சிரித்தான். பழைய வெள்ளி ரூபாயாக இருந்தால் எண் மேலே ஏறி நிற்குமாம். அதைச் சோதிக்க என்னிடம் வெள்ளி ரூபாய் இல்லை.

மூன்றாவது பாடம் பெங்களூர் மண்ணைப் பற்றியது. இந்தச் செம்மண்ணின் நிறமே அதில் உள்ள இரும்பின் நிறம். உலோகம் ஒன்றுமே இல்லாத இடத்தில்கூடக் கருவி முனகிக்கொண்டிருக்கும். அதற்குத் தரைச் சமன் செய்தல் என்று ஒரு வேலை இருக்கிறது. வட்டைத் தரைக்கு மேலே நாலைந்து தடவை ஏற்றி இறக்கி, 'இந்த மண்ணின் குரல் இதுதான், இதைப் பொருட்படுத்தாதே' என்று கருவிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மின்கம்பிகளின் அருகில் சென்றால் வேறு தொல்லை. எங்கள் பாதைகளின் மேலே 25,000 வோல்ட்டுக் கம்பி ஓடுகிறது. அதன் பக்கம் போனால் ஹெட்போனில் வண்டுக் கூட்டம் ரீங்காரம் செய்யும். பாதை ஓரத்தில் தேடுவது தொல்லை மட்டுமல்ல, குற்றமும் ஆகும். அனுமதி இல்லாமல் ரயில்வே எல்லைக்குள் நுழைவோருக்கு 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 147-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. அந்தப் பிரிவின்கீழ் வரும் காகிதங்கள் என் மேஜைக்கே வந்திருக்கின்றன. யஷ்வந்தபுரத்துக் காசுகளை நினைத்துக்கொண்டு யாரும் அங்கே போய்விடாதீர்கள்.

நண்பரின் தோட்டத்தில் நாங்கள் புதைக்காத பொருள்களும் அகப்பட்டன. சோடா பாட்டில் மூடிகள் பதினேழு, மாத்திரை அட்டைத் துண்டுகள், உழவுக் கொழுவின் முனை ஒன்று, இவற்றுடன் அறுகோணமான அலுமினிய மூன்று பைசா ஒன்று. 1964 முதல் வந்த காசு அது. அதை வைத்துக்கொண்டு மிட்டாய் வாங்கலாமா என்று மகன் கேட்டான்.

மூன்றாவது ஞாயிறு எங்களைத் தவறான வழியில் இட்டுச் சென்றது. பேகூருக்குப் போவோம் என்று நான்தான் சொன்னேன். ஓசூர்ச் சாலையிலிருந்து பிரிந்து செல்லும் அந்த ஊரை அறியாதவர்கள் ஒருமுறை போய்வர வேண்டும். நாகநாதேசுவரர் கோயில் கங்க மன்னர்கள் காலத்தது. அங்கே உள்ள வீரக்கல் ஒன்றில், ஏறக்குறைய கி.பி. 890-ஐச் சேர்ந்த எழுத்தில், பெங்களூரில் நடந்த போர் குறிப்பிடப்பட்டிருக்கிறது. பசித்து வந்த அரசனுக்கு ஒரு கிழவி வெந்த பயறு கொடுத்ததால் 'பெந்தகாளூரு' என்று பெயர் வந்தது என நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை, அந்தக் கல்லின்முன் நிற்காது. அந்த அரசன் பிறப்பதற்கு வெகுகாலத்துக்கு முன்பே ஊருக்கு இந்தப் பெயர் இருந்திருக்கிறது.

கோயிலைத் தரிசித்துவிட்டு, பழைய மண்கோட்டையின் பக்கம் நடந்தோம். புல் மண்டிய மேடு. ஆள் அரவம் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கருவிப் பை என் தோளில் இருந்தது. கை அதன் பொத்தானைத் தடவியது. ஒரு பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டு வந்தார். பையைப் பார்த்தார். "நிதி தெகியோக்கெ பந்திரா?" என்றார். புதையல் எடுக்க வந்தீர்களா என்பது பொருள். அவர் குரலில் கோபம் இல்லை, சலிப்பு இருந்தது. இரவில் வந்து சாமியின் அடியில் தோண்டுகிறார்கள், கல்லைப் புரட்டிவிட்டுப் போகிறார்கள், அடுத்த நாள் நாங்கள்தான் நிமிர்த்தி வைக்கிறோம் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். என் மகன் என் முகத்தைப் பார்த்தான். கருவியைப் பையிலிருந்து எடுக்காமலேயே பேருந்து ஏறினோம்.

வீட்டுக்கு வந்து, நமது சங்கத்துக்கு வந்துபோகும் வக்கீல் நண்பரிடம் இதைக் கேட்டேன். அவர் சொன்னதை நேயர்களுக்கும் தெரிவிப்பது என் கடமை. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களின் எல்லைக்குள் அனுமதியின்றி மண்ணைக் கிளறக்கூடாது. நூறு ஆண்டு கடந்த காசும் சிலையும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொல்பொருள் என்று கருதப்படும். அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். மண்ணில் மறைந்திருக்கும் பொருளைப் பற்றி 1878-லேயே இந்தியப் புதையல் சட்டம் வந்துவிட்டது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருள் அகப்பட்டால், என்ன பொருள், எந்த இடம், எந்தத் தேதி என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. இந்த இராஜ்யம் மைசூர் என்று வழங்கிய காலத்தில், 1962-ல், தனியாகவும் ஒரு புதையல் சட்டம் செய்தார்கள். இங்கே நாம் நடக்க வேண்டியது அதன்படி. "அப்படியானால் அவரவர் வீட்டுக் கொல்லையில் அவரவர் பாட்டி வைத்ததை எடுத்தால்?" என்று கேட்டேன். வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன் கேட்கிறீர்கள்?" என்றார்.

ஏன் கேட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

அல்சூர் ஏரிக்கு அப்பால், ஜோகுபாளையத்தின் குறுகிய சந்துகளில் ஒன்றில் எங்கள் பூர்வீக வீடு இருந்தது. 'இருந்தது' என்கிறேன், இந்த ஆனியில் அது இடிபட்டு, மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்த என் பாட்டனார் காங்மேன் சம்பளத்தில் வாங்கிய ஓட்டு வீடு. பின்னால் சிறு கொல்லை. அதில் ஒரு கிணறு, துவைக்கும் கல், முருங்கை மரம். என் பாட்டி, எங்கள் ஆயா, தன் தாய்வீட்டுச் சீதனமாக வந்த வெள்ளி ரூபாய்களை ஒரு பித்தளைச் செம்பில் இட்டு, மெழுகுத் துணியால் வாய் கட்டி, முருங்கை மரத்தின் அடியில் புதைத்து வைத்திருந்தாள். என் தந்தையார் சிறுவனாக இருந்தபோது, அவள் எண்ணி வைத்ததைப் பார்த்தவர். இருபத்தொரு ரூபாய்.

1984-ல் ஆயா திடீரென்று இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தந்தையார் மரத்தடியைத் தோண்டினார். ஒன்றும் இல்லை. மண் மட்டும் ஒரு காலத்தில் கிளறப்பட்டதுபோல் இளகியிருந்தது. வீட்டில் இருந்த ஆண்பிள்ளைகள் இருவர். ஒருவர் தந்தையார், மற்றவர் சித்தப்பா. சித்தப்பாவுக்கு அப்போது வேலை இல்லை. சினிமாவும் நண்பர்களும் உண்டு. தந்தையார் தம்பியைத் திருடன் என்றார். தம்பி அன்று மாலையே கோலார் தங்கவயலுக்கு வண்டி ஏறினார். சுரங்கத்தில் சேர்ந்தார், 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்படும்வரை மண்ணுக்கு அடியிலேயே உழைத்தார். இடையில் எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு அழைப்பு போகவில்லை. அவர் வீட்டு அழைப்பும் வரவில்லை. எங்கள் குடும்பத்தின் நாற்பதாண்டு மௌனத்துக்கு அந்தச் செம்பே மூடி.

இப்போது வீட்டைக் கட்டடக்காரரிடம் ஒப்படைக்கும் நாள் நெருங்கியது. எந்திரம் வந்து கொல்லையை வாரிக்கொண்டு போய்விட்டால் பிறகு தேடுவதற்கு ஒன்றும் இருக்காது. தந்தையாருக்கு எழுபது வயது, இதய வியாதி. நான் கருவியைப் பற்றிச் சொன்னபோது, "அவன் எடுத்துக்கொண்டு போனதை உன் தடி எப்படிக் காட்டும்?" என்று கேட்டார். கேட்டாரே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை.

வக்கீல் சொன்ன யோசனை இதுதான்: அயல் வீட்டார் இருவரை அருகில் வைத்துக்கொண்டு தேடுங்கள்; எது அகப்பட்டாலும் எழுத்தில் அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிடுங்கள்; குடும்பத்தார் வைத்த பொருள் என்பதற்குச் சாட்சியும் இருக்கட்டும். அவ்வாறே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு மணிக்கு ஆரம்பித்தோம்.

முதல் இரண்டு மணி நேரம் வெட்கக்கேடு. அந்தக் கொல்லை அரை நூற்றாண்டின் குப்பைக் குழி. ஓட்டு ஆணிகள், குடைக் கம்பி, வாளியின் பிடி, அறுந்த கிணற்றுச் சங்கிலி. முருங்கை மரம் இருந்த இடத்தை மையமாக வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தேன். அயல் வீட்டு அக்கா, "தம்பி, கீரை விதைக்கவாவது நிலம் தயாராகிவிட்டது" என்றார்கள். அப்போதுதான் எனக்குக் கிரஹாம் பெல்லின் மெத்தை நினைவுக்கு வந்தது. துவைக்கும் கல்லின் பக்கத்தில் போகும்போதெல்லாம் கருவி ஒரேயடியாகக் கத்தியது. பக்கத்தில் துணி காயப்போட நட்டிருந்த இரும்புக் குழாய்தான் காரணம் என்று நான் அதை ஒதுக்கிக்கொண்டே வந்தேன். குழாயைப் பிடுங்கி வெளியே போட்டோம். கருவியின் வேகத்தைக் குறைத்து, மண்ணுக்கு மறுபடி சமன் செய்து, மெதுவாக வீசினேன்.

கல்லின் வடக்கு ஓரத்தில் ஓசை நின்றது, பிறகு எழுந்தது. ஆணியின் கரகரப்பு அல்ல. உருண்டையான, முழுமையான ஓசை. வலமிருந்து இடம் வீசினாலும், மேலிருந்து கீழ் வீசினாலும் ஒரே இடம், ஒரே எண். சாதாரணமாக ஒரு காசை இந்தக் கருவி ஆறு, எட்டு அங்குலத்துக்குமேல் உணராது. பாத்திரம்போல் பெரிய பொருளானால் ஆழத்திலும் உணரும். களைக்கொத்தியால் மண்ணை எடுத்துச் சாக்கின்மேல் கொட்டினோம். ஒன்றரை அடி ஆழத்தில் பச்சை பூத்த பித்தளை விளிம்பு தெரிந்தது.

தந்தையார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து குழியின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். செம்பை அவர் கையிலேயே கொடுத்தேன். மெழுகுத் துணி உதிர்ந்து போயிருந்தது. உள்ளே ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாய்கள் கருத்துக் கிடந்தன. 1940-க்கு முந்திய அந்த ரூபாய்களில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஒவ்வொன்றும் ஒரு தோலா எடை. ஒன்றைக் கருவியின்கீழ் காட்டச் சொல்லி மகன் நச்சரித்தான். எண் மேலே ஏறி நின்றது.

தந்தையார் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பத்தொன்பது.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. மாலையில் தொலைபேசியைக் கொண்டுவரச் சொன்னார். சித்தப்பாவின் எண் யாரிடம் இருக்கிறது என்று வீட்டில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் என் மனைவியிடம் இருந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. தந்தையார் காதில் வைத்துக்கொண்டு, "தம்பி, செம்பு கிடைத்துவிட்டது. கல்லோரத்தில் இருந்தது" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை போலும். பிறகு தந்தையார், "ஞாயிற்றுக்கிழமை வா" என்று சொல்லித் தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் வக்கீல் எழுதித்தந்த கடிதத்தைத் துணை ஆணையர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மாரிகுப்பத்திலிருந்து வரும் வண்டிக்காகக் கண்டோன்மென்ட் நிலையத்தில் நின்றேன். 1864-ல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து முதல் வண்டி வந்து சேர்ந்த நிலையம் அது; நம்மவர்கள் எத்தனை குடும்பங்கள் இங்கே வந்து இறங்கியிருப்பார்கள்! சித்தப்பாவை எனக்கு அடையாளம் தெரியாது. ஆனால் இறங்கியவர்களில் ஒருவர் என் தந்தையாரைப்போலவே ஒரு தோளைச் சாய்த்து நடந்தார். சுரங்கத் தூசி கொடுத்த இருமல் வழியெல்லாம் அவரை நிறுத்தி நிறுத்தி அழைத்து வந்தது.

வீட்டுத் திண்ணையில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் செம்பு. புளி போட்டுத் துலக்கியிருந்தாள் என் மனைவி. தந்தையார், "இருபத்தொன்று இருந்தது, பத்தொன்பதுதான் இருக்கிறது" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை; கணக்காகச் சொன்னார்.

"உங்களுக்குப் பதினாலு வயதில் டைபாய்டு வந்ததே, அண்ணா" என்றார் சித்தப்பா. "அப்பா லைன் வேலையாக வெளியூர் போயிருந்தார். அம்மா ராத்திரியில் மரத்தடியில் தோண்டி இரண்டை எடுத்தாள். நான்தான் விளக்கு பிடித்தேன். காலையில் அவளோடு சேட்டுக் கடைக்குப் போனேன். அந்தப் பணத்தில்தான் மருந்து வாங்கினோம். மீதியைத் திரும்ப எங்கே வைத்தாள் என்று எனக்குத் தெரியாது, நான் தூங்கிப்போய்விட்டேன்."

"அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்கள் கேட்கவில்லையே, அண்ணா. திருடன் என்றல்லவா சொன்னீர்கள்."

தந்தையார் செம்பைத் தம்பியின் பக்கம் தள்ளினார். சித்தப்பா அதைத் தொடவில்லை. சற்றுநேரம் கழித்து உள்ளே திரும்பி, "காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் அம்மா, எனக்கும் சர்க்கரை இருக்கிறது" என்றார். அந்த 'எனக்கும்' என்ற சொல்லைக் கேட்டதும்தான், தந்தையாருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது அவருக்கு முன்பே தெரியும் என்பது எனக்கு விளங்கிற்று.

மாலை வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. கருவி எப்படி வேலை செய்கிறது என்று சித்தப்பா கேட்டார். பேரன் கொல்லைக்கு அழைத்துச் சென்று காட்டினான். பதினாறு, பதினேழு ஆண்டுகள் பூமிக்கடியில் தங்கம் தேடிய மனிதர், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வட்டைத் தரையோடு ஒட்டிச் சமமாக வீசினார். ஓரங்களில் அது எழும்பவே இல்லை.